சொட்டிய தண்ணீருக்கு எத்தனை நாள் வயது?

அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருக்கும் யாரையாவது பிடித்து, "உங்க வீட்டு இன்சூரன்ஸ்ல ஏ.சி. தண்ணியால வர்ற சேதம் கவர் ஆகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆகும்னுதான் நினைக்கிறேன்" என்பார்கள். கடன் கொடுத்த வங்கி கேட்டதால் வாங்கிய பாலிசி அது. வருஷா வருஷம் பணம் போகும், மற்றபடி யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா மகன் வீட்டில் ஏ.சி. தண்ணீர் சீலிங்கை இறக்கிய பிறகு, அந்தப் பாலிசியை உட்கார்ந்து படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம், குடும்பத்தில் அந்த ஊரில் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படிப்பவன் நான் ஒருவன். (அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் இஞ்சினியர் என்றால் மிக்ஸியும் ரிப்பேர் பண்ணணும், பத்திரமும் படிக்கணும்.)

ஆனால் யோசித்துப் பார்த்தால் சம்பந்தம் இருக்கத்தான் செய்தது. முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏ.சி. என்றால் குளிர் என்றுதான் நமக்குத் தோன்றும். அது பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது காகிதம் விரியும், சுருங்கும். ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் இஞ்சினியர் வடிவமைத்த ஏற்பாட்டில் இருந்துதான் இன்றைய ஏ.சி. வளர்ந்தது. குளிர்ந்த காயில் மேல் ஈரக்காற்று படும்போது ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல் நீர் பூக்கும். அந்த நீரை வெளியே கொண்டுபோக ஒரு குழாய் வேண்டும். கதை அவ்வளவுதான்.

எவ்வளவு நீர்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 டன் ஏ.சி. என்றால் சுமார் 10.5 கிலோவாட் குளிர்விக்கும் திறன். அதில் நாலில் ஒரு பங்கு ஈரத்தை நீராக்கப் போகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்குக் கிட்டத்தட்ட 4 லிட்டர் வருகிறது. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 46 லிட்டர்! ஹூஸ்டன் ஜூலை மாதம் நம் சென்னை மாதிரிதான், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். இது மிகையில்லை.

சென்னையில் இந்தத் தண்ணீர் ஜன்னல் ஏ.சி. பின்னால் சொட்டும். வாளி வைப்போம், இல்லாவிட்டால் கீழே நடந்து போகிறவர் தலையில் விழுந்து அவர் நம்மைத் திட்டுவார். எப்படியும் அது எல்லோர் கண்ணிலும் படும். டெக்ஸஸ் வீடுகளில் பெரும்பாலும் நிலவறை கிடையாது. காயிலும் விசிறியும் இருக்கும் பெட்டியைத் தூக்கி அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள பரணில், படுக்க வைத்துவிடுகிறார்கள். நாற்பது, ஐம்பது லிட்டர் தண்ணீர் தினமும் நீங்கள் தூங்கும் இடத்துக்கு நேர் மேலே உற்பத்தியாகிறது. கோடையில் யாரும் ஏறாத, ஏறினால் வெந்துவிடும் இடம் அது.

இதை யோசிக்காமல் கட்டவில்லை. முதல் குழாய் பெட்டியிலிருந்து கழிவுநீர்க் குழாய்க்கு அல்லது வெளியே போகும். அது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பெட்டிக்கு அடியில் ஒரு பெரிய தட்டு. அந்தத் தட்டுக்கு ஒரு தனிக் குழாய். அமெரிக்கக் கட்டட விதியில் இந்த இரண்டாவது குழாயைப் பற்றி ஓர் அழகான விஷயம் இருக்கிறது: அது எளிதில் கண்ணில் படும் இடத்தில்தான் வெளியே வர வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் ஜன்னலுக்கு நேர் மேலே ஒரு வெள்ளைக் குழாய் முனை சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். அது சொட்டினால் "உள்ளே முதல் குழாய் அடைத்துவிட்டது, ஆளைக் கூப்பிடு" என்று அர்த்தம். இத்தனை வருஷம் அங்கே இருக்கும் பலரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. "ஏ.சி. நல்லா வேலை செய்யுது, தண்ணி வருதே" என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு :-)

மூன்றாவது காவல், தட்டில் நீர் ஏறினால் ஏ.சி.யையே நிறுத்திவிடும் மிதவை சுவிட்ச். அண்ணன் வீடு சற்றுப் பழையது, அதில் இந்த சுவிட்ச் இல்லை.

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை மாடி நடையில் சீலிங் ஒரு கட்டில் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. ஷீட்ராக் என்று சொல்லும் ஜிப்சம் பலகை, அதன் மேல் இருந்த பஞ்சு, எல்லாம் நனைந்து கூழாக. குழந்தை தூங்கும் அறையின் கதவுக்கு நாலடி தள்ளி. யாருக்கும் அடியில்லை. மரத் தரை ஊறி உப்பிவிட்டது, கீழே ஹாலின் சீலிங்கிலும் தண்ணீர் இறங்கிவிட்டது.

பழுது பார்க்க வந்தவர் சொன்னது இது. முதல் குழாயில் வழவழவென்று பாசி மாதிரி பிசுக்கு கட்டி அடைப்பு. அது நடந்து பல வாரம் ஆகியிருக்கும். அதன் பிறகு தண்ணீர் தட்டில் விழுந்து இரண்டாவது குழாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாய் முனையோ, வேலி ஓரமாக யாரும் போகாத பக்கம். கடைசியில் அதையும் ஒரு குளவி மண் வைத்துக் கூடு கட்டி மூடிவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் தட்டை மீறி வழிந்தது.

இனி பாலிசிக்கு வருவோம். அமெரிக்காவில் பரவலாக இருப்பது எச்.ஓ.-3 என்ற வகைப் பாலிசி. குழாய், ஹீட்டர், ஏ.சி. ஆகியவற்றிலிருந்து தற்செயலாக வெளியேறும் அல்லது பொங்கி வழியும் தண்ணீரால் வீட்டுக்கு வரும் சேதத்தை அது ஏற்றுக்கொள்கிறது. தேய்மானம், துரு, பராமரிப்புக் குறை, இதற்கெல்லாம் காசு கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. குழாயில் அடைப்பு பராமரிப்புக் குறைதானே, அப்படியென்றால் மொத்தமும் போச்சா என்று அண்ணன் பயந்தார். அப்படி இல்லை. துருப்பிடித்த தட்டையும் அடைத்த குழாயையும் மாற்றும் செலவு நம்முடையது. அதிலிருந்து வழிந்த தண்ணீர் கெடுத்த சீலிங், தரை, சுவர் வேறு கணக்கு. காரணம் ஒரு பக்கம், விளைவு ஒரு பக்கம். குழாயை எட்டுவதற்காகச் சுவரை உடைக்க வேண்டி வந்தால், உடைத்து மூடும் செலவைக்கூடப் பல பாலிசிகள் தருகின்றன.

சிக்கல் இன்னொரு வரியில் இருந்தது. "வாரங்கள், மாதங்கள் அல்லது வருடங்களாகத் தொடர்ந்து அல்லது திரும்பத் திரும்பக் கசிந்த" தண்ணீரால் வரும் சேதம் கிடையாது என்று ஒரு விலக்கு. ஏ.சி. தண்ணீர் விஷயத்தில் சண்டை வருவது அதிகமும் இந்த வரியால்தான். ஹூஸ்டன்காரர்களுக்கு 2017 ஹார்வி புயலில் வேறொரு பாடம் கிடைத்தது. வெளியே இருந்து ஏறி வந்த வெள்ளத்துக்கு வீட்டுப் பாலிசி தராது, அதற்குத் தனி வெள்ளக் காப்பீடு வேண்டும். அது இல்லாமல் தவித்தவர்கள் ஏராளம். அங்கே கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது. இங்கே, எத்தனை நாளாக வந்தது என்பது.

அட்ஜஸ்டர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஈரம் அளக்கும் கருவியை அங்கங்கே குத்திப் பார்த்தார், அட்டிக்கில் ஏறினார், வியர்வையோடு இறங்கினார். பத்து நாள் கழித்து நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. தட்டில் துரு இருக்கிறது, உள்ளே நீர் நின்று உலர்ந்த வளையங்கள் இருக்கின்றன, குழாய் பல வாரமாக அடைத்திருந்ததாக மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார்; எனவே இது நாள்பட்ட கசிவு, கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

படித்துவிட்டு அண்ணன் சும்மா இருந்துவிடுகிறேன் என்றார். விட்டிருந்தால் கிட்டத்தட்ட ஆறாயிரம் டாலர் கையை விட்டுப் போயிருக்கும். வீடு வாங்கி இரண்டு வருஷம், கிரீன் கார்டு வரிசை, வேலை போனால் அறுபது நாள் என்று ஆயிரம் பயம் அவருக்கு. கம்பெனியோடு சண்டை போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற நடுக்கம் நம் ஆட்களுக்கு எப்போதும் உண்டு. ஒரு கிளெய்ம் தகராறுக்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அவருக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு அந்தக் கடிதத்தில் உறுத்தியது இயந்திரவியல் சமாச்சாரம். அடைப்புக்குப் பல வாரம் வயது, சரி. சேதத்துக்கு எத்தனை நாள் வயது? தட்டு இருப்பதே தண்ணீரைத் தாங்கத்தான். தட்டில் தண்ணீர் நின்றது, துரு ஏறியது, வளையம் விழுந்தது என்பதெல்லாம் தட்டு தன் வேலையைச் செய்ததற்குச் சாட்சி. இரண்டாவது குழாய் திறந்திருந்த வரை வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட விழவில்லை. குளவி மூடிய பிறகுதான் வழிந்தது. மணிக்கு 4 லிட்டர் என்றால் ஓர் இரவில் முப்பது லிட்டருக்கு மேல். அரை அங்குல ஜிப்சம் பலகை அந்த எடையை வாரக்கணக்கில் தாங்கிக்கொண்டு தொங்காது. நாள்பட்ட கசிவாக இருந்தால் சீலிங்கின் அடிப்பக்கம் பழுப்பு வளையம் ஒன்றுக்குள் ஒன்றாக விழுந்திருக்கும், பெயின்ட் உப்பியிருக்கும், பலகையின் மேல்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். விழுந்த துண்டில் இவை எதுவுமே இல்லை.

துண்டு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்ததே அண்ணியால்தான். எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போட அண்ணன் பை எடுத்து வந்தபோது, "இருங்க, எதுக்கும் நாலு துண்டு கராஜ்ல கிடக்கட்டும்" என்று எடுத்து வைத்தவர் அவர். பாலிசியில் நம் கடமைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது: சேதம் மேலும் பரவாமல் தடுக்க வேண்டும், சேதமானதைக் காட்ட வேண்டும், செலவுக்குக் கணக்கு வைக்க வேண்டும். அண்ணி அதைப் படிக்காமலே செய்திருந்தார்.

அடுத்ததும் அவர்தான். சீலிங் விழுவதற்கு ஒன்பது நாள் முன்னால் குழந்தைக்குப் பிறந்தநாள். மாடி நடையில் பலூன் தோரணம் கட்டிப் படம் எடுத்திருந்தார்கள். படத்தில் சீலிங் பளிச்சென்று வெள்ளையாக, ஒரு கறை இல்லாமல். போனில் தேதியும் நேரமும் பதிந்திருந்தது.

"தம்பி, அந்த வரியில 'வாரங்கள்'னுதானே போட்டிருக்கான்?" என்றார்.

"ஆமா அண்ணி."

"பன்மைதானே? ஒன்பது நாள் எப்படி வாரங்கள் ஆகும்?"

அண்ணி திருநெல்வேலியில் தமிழ் டீச்சராக இருந்தவர். ஒருமை பன்மை பார்க்காமல் எதையும் விட மாட்டார்.

நான் சிரித்தேன், ஆனால் வழக்கறிஞர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் இதைத்தான். ஃப்ளோரிடாவில் சில பாலிசிகள் "வாரங்கள்" என்று எழுதாமல் 14 நாள் அல்லது அதற்கு மேல் என்று எண்ணையே போட்டுவிடுகின்றன. 2018-ல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் வரும் குழாய் ஐந்து வாரத்துக்கு மேல் கசிந்திருந்தது. 14 நாள் தாண்டிவிட்டதால் ஒன்றுமே கிடையாது என்றது நிறுவனம். விலக்கு 14-ஆவது நாளில்தானே தொடங்குகிறது, முதல் 13 நாளில் வந்த சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று அந்த வரி தெளிவாகச் சொல்லவில்லையே என்றது நீதிமன்றம். வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பு. ஃப்ளோரிடா தீர்ப்பு டெக்ஸஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்தினுடையது என்று டெக்ஸஸ் சட்டத்திலேயே இருக்கிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், தேவையான காகிதமெல்லாம் கைக்கு வந்த பின் 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறது. இழுத்தடித்தால் மாநில இன்சூரன்ஸ் துறையிடம் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2001-ல் டெக்ஸஸில் ஒரு வீட்டில் குழாய்க் கசிவால் பூஞ்சை படர்ந்த வழக்கில், கிளெய்மைச் சரியாகக் கையாளவில்லை என்று ஜூரி 3 கோடியே 20 லட்சம் டாலர் விதித்தது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அது 40 லட்சம் அளவுக்குக் குறைந்தது. (வீடு இருந்த ஊரின் பெயர் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ், சொட்டும் ஊற்றுகள். நான் கட்டிச் சொல்லவில்லை.) அதையொட்டிப் பூஞ்சை கிளெய்ம்கள் குவிந்தன, பிரீமியம் ஏறியது, பாலிசிகளில் பூஞ்சைக்கு விலக்கும் உச்சவரம்பும் வந்தன. அன்றிலிருந்து மெதுவாகக் கசியும் தண்ணீர் என்றாலே இந்தத் தொழிலுக்கு அலர்ஜி. யாரோ ஒருவர் கறையைப் பார்த்துக்கொண்டே ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து பணம் கேட்டால் அதற்கு நானும் என் பிரீமியத்தில் பங்கு கொடுக்க விரும்ப மாட்டேன். ஆனால் பார்க்கவே முடியாத இடத்தில் நடந்ததை, பார்த்தும் விட்டதோடு ஒரே வரியில் கட்டிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பலூன் படம் இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வார்? வயதானவர், தனியாக இருப்பவர், மாடிக்கே ஏறாதவர்?

இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினோம். கோபம், குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. அடைப்பின் வயதும் சேதத்தின் வயதும் வேறு என்று ஒரு பத்தி, தண்ணீர்க் கணக்கு ஒரு பத்தி, படம், விழுந்த துண்டின் இரண்டு பக்கப் புகைப்படம், குளவிக் கூட்டோடு குழாய் முனை. மெக்கானிக்கிடம், எந்தக் குழாய் எப்போது அடைத்தது என்று பிரித்து எழுதி வாங்கிச் சேர்த்தோம். மறுபடி ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னோம்.

வேறு ஒரு அட்ஜஸ்டர் வந்தார். கராஜில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று வாரத்தில் ஒத்துக்கொண்டார்கள். மொத்தச் சேதம் 9,400 டாலர் என்று கணக்கு. டிடக்டிபிள், அதாவது நாம் ஏற்க வேண்டிய பங்கு, அந்தப் பக்கத்துப் பாலிசிகளில் பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் சதவீதமாக இருக்கும். இவர்களுக்கு 350,000-ல் 1 சதவீதம், 3,500 போனது. கைக்கு வந்தது 5,900. தட்டு, குழாய், சுவிட்ச் எல்லாம் அண்ணன் கைக்காசு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி கிளெய்ம் வரலாறு ஏழு வருடம் வரை ஒரு பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும், வேறு நிறுவனத்துக்கு மாறப்போனாலும் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே டிடக்டிபிளைவிடக் கொஞ்சமே அதிகமான சேதத்துக்குக் கிளெய்ம் போடுவது லாபமா என்று யோசிக்க வேண்டும். அடுத்த வருட பிரீமியம் ஏறியபோது அண்ணன், "அதனாலதான் ஏத்திட்டான்" என்றார். அந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஏறியிருந்தது.

இப்போது தட்டில் மிதவை சுவிட்ச் இருக்கிறது. கோடையில் மாதம் ஒரு தடவை அண்ணன் அட்டிக் ஏறி முதல் குழாயில் ஒரு கப் வினிகர் ஊற்றுகிறார். வேலிப் பக்கம் இருந்த குழாய் முனையைச் சமையலறை ஜன்னலுக்கு மேல் திருப்பிவிட்டார்கள். குளவி புகாமல் முனையில் ஒரு சின்ன வலை. போன மாதம் போயிருந்தபோது, அண்ணி தோசை ஊற்றிக்கொண்டே ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கும் சொட்டலை" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினார்.